பெறுநர் மட்டும் திறக்கலாம்

நான் பகலில் தூங்குகிறவள். முனைக்குடா துறைமுகத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பதினொரு வருடமாக இரவுப் பணி. காலை ஏழு மணிக்கு இறங்கி வந்து, இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு, நீலத் திரைச்சீலையை இழுத்து மூடிப் படுத்தால் மூன்று மணி வரைக்கும் எனக்கும் உலகத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பகல் தூக்கம் ஆழமில்லை என்பார்கள். அவர்கள் தூங்கிப் பார்க்காதவர்கள். திரை வழியே வருகிற வெளிச்சம் அறை முழுக்கத் தண்ணீர் நிறத்தில் நிற்கும். அதில் கட்டிலோடு நான் மெல்ல மிதந்துகொண்டிருப்பேன். வெளியே ஒரு கப்பல் ஊதினால் கனவுக்குள்ளும் ஒரு கப்பல் ஊதும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படி மிதந்து கரை சேர்ந்தபோது கையில் போன் இருந்தது. அதில் ஆச்சரியமில்லை. துறைமுகப் போனைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துத்தான் தூங்க வேண்டும் என்பது எங்களுக்கு விதி. நான் கைக்குள்ளேயே வைத்துக்கொள்வேன். ஆச்சரியம் திரையில் இருந்தது; அறிவிப்புகளைப் படிக்காமலே தள்ளிவிடுகிற என் கண்ணில் அன்று இது பட்டுவிட்டது.

‘உங்கள் கடிதம் கையெழுத்திடப்பட்டு, பூட்டப்பட்டு, அனுப்பப்பட்டது. மதியம் 2.10.’

மதியம் 2.10க்கு நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

‘அனுப்பியவை’ பெட்டியைத் திறந்தேன். இரண்டு வருடமாக நான் தொடாத பெட்டி அது. உள்ளே, என் இரவு உத்தரவுகளுக்கு நடுவே, நாற்பத்தோரு கடிதங்கள். மூன்று மாதமாக, எல்லாம் மதிய நேரத்தில், எல்லாம் ஒரே ஆளுக்கு. மெல்வின் மச்சாது. இழுவைப் படகு மாலுமி. என் கூடப்பிறந்த அண்ணன்.

ஒன்றைத் தொட்டேன். ‘பெறுநர் மட்டும் திறக்கலாம்’ என்றது போன். அடுத்ததைத் தொட்டேன். அதையேதான் சொன்னது. நான் எழுதிய கடிதம், என் கையெழுத்து, என் போன். எனக்கே காட்டமாட்டேன் என்கிறது!

மறுநாள் பணிக்கு முன்னதாகவே போய் ஜெய்லானியைப் பிடித்தேன். துறைமுகப் போன்களையும் அவற்றின் சாவிகளையும் பார்த்துக்கொள்கிற பையன் அவன். பையன் என்றாலும் முப்பது வயதாகிறது, இரண்டு பிள்ளைகள்.

“ஒரு பழைய கடிதம் என்ன எழுதினேன்னு மறந்துபோச்சுப்பா. திறந்து காட்டு,” என்றேன், அண்ணனுக்குப் போன ஒன்றைக் காட்டி, ஒன்றும் தெரியாதவள்போல.

“திறக்க முடியாதுக்கா. எப்படிச் சொல்ல? மெல்வின் அண்ணன் தன்னோட பூட்டுகளத் திறந்தபடிக்கு ஊர் முழுக்கக் குடுத்து வச்சிருக்காருன்னு வச்சிக்கோங்க. நீங்க கடிதத்தப் பெட்டில போட்டு, அவர் பூட்ட மாட்டி, அமுக்கிட்டீங்க. அமுக்குறதுக்குச் சாவி வேண்டாம். திறக்கத்தான் வேணும். சாவி அவருட்ட.”

“அனுப்பினவளுக்கு ஒரு நகல்கூடக் கிடையாதா?”

“முன்னாடி இருந்துச்சு. யாரோ போனத் தொலைச்சு, எல்லாம் வெளிய போச்சு. அதோட அத எடுத்துட்டாங்க.”

“சரி, கையெழுத்து?”

“அது அப்படியே மாத்தி. அந்தச் சாவி உங்க போனுக்குள்ள மட்டும்தான் இருக்கு. உங்க பெருவிரலும் நாடியும் ஒத்துப்போனாத்தான் விழும். விழுந்துட்டா நீங்க எழுதலன்னு எந்தக் கோர்ட்லயும் சொல்ல முடியாது.”

நான் கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஒருத்தர் தூக்கத்துல பேசினா?” என்று கேட்டேன். பேசினால் எழுதிக்கொள்கிற போன்கள் எங்களுடையவை.

ஜெய்லானி சிரித்தான். “விரலு பட்டிருந்தாப் போயிரும். முழிச்சிருக்கீங்களான்னு கேக்க அதுக்குத் தெரியாதுக்கா. போன வருஷம் ஒரு கிளார்க்கு, தூக்கத்துல ராஜினாமா அனுப்பிட்டேன்னு வந்து நின்னார். யாரு நம்புனா? வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

அப்புறம் அவனாகவே குரலைத் தாழ்த்தினான். “மெல்வின் அண்ணன் சாவிய லைசென்ஸோட சேத்து முடக்கியாச்சு. பெட்டி மட்டும் சீல் வச்சுக் கெடக்கு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட மேல்முறையீட்டுக் கெடு முடியுது. அவர் மனு போட்டா, விசாரணைக் குழு தன்கிட்ட இருக்கிற மாத்துச் சாவியால பெட்டியத் திறந்து ஒவ்வொண்ணாப் படிக்கும். போடலன்னா அஞ்சு மணிக்கு நானே அழிச்சிருவேன். ஏங்க்கா, முக்கியமான கடிதமா?”

“இல்லப்பா,” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

முக்கியமான கடிதமா என்றால், சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு, மாசி மாதத்து அதிகாலை, கடலில் அப்படியொரு மூடுபனி. தாதுக் கப்பல் ஒன்று துறைமுகத்தின் கப்பல் வாய்க்காலுக்குள் வந்துகொண்டிருந்தது. அண்ணனின் இழுவைப் படகு குறுக்கே போகாமல் நாலாம் மிதவையில் நிற்க வேண்டும். அந்த உத்தரவைக் கொடுக்க வேண்டியவள் நான். முன்பென்றால் வயர்லெஸ்ஸில் சொல்லுவோம், படகிலிருந்து அதையே திருப்பிச் சொல்லுவார்கள். கையெழுத்திட்ட கடிதங்கள் வந்த பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம். போனில் சொன்னேன், பெருவிரலை வைத்தேன், ‘சேர்ந்தது’ என்று வந்தது. மணி 5.42. நிம்மதியாகக் காப்பி குடித்தேன்.

அண்ணனுக்கு இரண்டு விலாசம் உண்டு. ஒன்று படகில் இருக்கும் துறைமுகப் போனுக்கு. மற்றது வீட்டுப் போனுக்கு. வீட்டு விலாசத்தைத் துறைமுகப் போனில் ஏற்றக் கூடாது என்பது விதி. எல்லோரும் ஏற்றி வைத்திருந்தோம். இரண்டுக்கும் ஒரே படம்தான் வைத்திருந்தேன், அண்ணன் பல்லைக் காட்டிச் சிரிக்கிற படம். தினமும் பத்துத் தடவை வீட்டுச் சேதி பேசுகிறவள் ஆதலால் என் போனில் வீட்டு விலாசம்தான் மேலே நிற்கும். விரல் பழக்கத்தில் மேலே உள்ளதைத் தொட்டுவிட்டது. உத்தரவு அண்ணன் வீட்டு அலமாரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போனில் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. படகு குறுக்கே போனது. கப்பல் அதன் பின்பக்கத்தை இடித்தது. லூர்து என்கிற, படகுத் தளத்தில் வேலை பார்த்த பையன், கல்யாணமாகி ஒரு வருடம் ஆனவன், தண்ணீருக்குள் போய் வரவேயில்லை.

விசாரணையில் என் பதிவேட்டை அச்செடுத்து வைத்தார்கள். ‘பெறுநர்: மெல்வின் மச்சாது. சேர்ந்தது: 5.42.’ கீழே நாற்பது இலக்கத்தில், எந்த விலாசத்துக்குப் போனது என்று காட்டுகிற ஒரு சாவி எண் இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. நான் விபத்தன்று மாலையே படித்துவிட்டிருந்தேன். படித்துவிட்டு, வீட்டு விலாசத்தைப் போனிலிருந்து அழித்தும்விட்டேன். “எனக்கு உத்தரவு வரல,” என்று அண்ணன் மூன்று நாளும் சொன்னான். கையெழுத்திட்ட கடிதத்தின் முன்னால் வாய்ப்பேச்சு எடுபடுமா? குடித்திருந்தான் என்று ஊர் பேசியது. அவன் ஜென்மத்தில் குடித்ததில்லை. லைசென்ஸ் போனது. நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் இதை எழுதும்போது என் முகம் சுடுகிறது.

இப்போது அந்த நாற்பத்தொன்றும் துறைமுக விலாசத்துக்குப் போயிருந்தன. அன்றைக்குப் போயிருக்க வேண்டிய இடத்துக்கு. உள்ளே என்ன இருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். மேல்முறையீட்டுக் கெடு பற்றி அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்டிய வாரம்தான் முதல் கடிதம் போயிருந்தது. நான் விழித்திருக்கும்போது விழுங்கியதையெல்லாம் தூக்கத்தில் ஒப்பித்திருக்கிறேன், கையெழுத்தும் போட்டு. அண்ணன் மனு போட்டால் நான் தொலைந்தேன். போடாவிட்டால் வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு எனக்கு விடுதலை. அன்றிலிருந்து போனை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுத் தூங்கினேன். தூங்கினேன் என்று சொல்லக் கூடாது, படுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பணி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறினேன். மனு போடாதே என்று கேட்கப் போகிறேனா, வேறெதற்குப் போகிறேனா என்று எனக்கே தெரியாது. வெண்மேட்டு உப்பளத்தில் லாரிகளுக்கு எடை போடுகிற வேலையில் இருந்தான் அண்ணன். காத்துக் கிடந்து, இரண்டு பஸ் மாறி, மதியத்துக்கு மேல் இறங்கி நடந்தால் எங்கு பார்த்தாலும் வெள்ளை. வெயிலில் உப்புக் குவியல்கள் தரையை விட்டு ஒரு சாண் உயரத்தில் மிதந்தன. தூக்கம் கெட்ட கண்ணுக்கு எது தண்ணீர், எது வானம் என்று பிடிபடவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஓர் ஆள் கரைந்து கரைந்து உருவாகி வந்தான். தலையில் துண்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

“சாப்பிட்டியா?” என்றான். இரண்டு வருடத்துக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.

“சாப்பிட்டேன்,” என்று பொய் சொன்னேன். “மனு போடப் போறியா, அண்ணே?”

“இல்ல.”

எனக்கு உடனே நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததற்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம்போலவும் இருந்தது.

“அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுப் போன எடுத்துப் பாத்தியா?” என்று கேட்டேன். இரண்டு வருடமாகத் தொண்டையில் நின்ற கேள்வி.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினான். “பாத்தேன். ‘நாலாம் மிதவையில நில்லு, தாண்டாத.’ காலைல அஞ்சு நாப்பத்திரெண்டு. உன் கையெழுத்தோட.”

“அத ஏன் விசாரணைல காட்டல?”

“உங்க மைனியும் அதத்தான் கேட்டா,” என்று தன் மனைவியைச் சொன்னான். “ரெண்டு நாளு சோறு பொங்கல. நீ சொல்லுவன்னு இருந்தேன், ஏட்டி. மொத நாளு உன் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டாம் நாளும் பாத்தேன். நீ தரையப் பாத்துக்கிட்டு இருந்த.”

உப்புக் காற்றில் உதடு எரிந்தது. கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். தூக்கத்தில் எழுதியது, நாற்பத்தொன்று, ஐந்து மணிக்கு அழித்துவிடுவார்கள் என்பது, எல்லாம்.

“தூக்கத்துல நாப்பத்தோரு தடவ சொன்னவளுக்கு, முழிச்சிருக்கையில ஒரு தடவ சொல்ல வரலியா?” கோபமே இல்லாமல்தான் கேட்டான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“பயமாருக்கு அண்ணே. வேல போயிரும். கேஸ் போட்டு உள்ளகூட வைப்பாவ. செலின் மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?”

செலின், லூர்துவின் மனைவி.

“நான் முழிக்கேம்லா,” என்றான் அண்ணன்.

எடை மேடையில் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். “கெடு முடியுத வரைக்கும் பாப்பேன்னு உங்க மைனிட்ட சொல்லியிருக்கேன். அதுக்கு மேல உன்ன எதிர்பாக்க மாட்டேன். அவ்வளவுதான். நீ நல்லாரு. வெயில்ல நிக்காத, போ.”

வெள்ளைக்குள் திரும்பவும் கரைந்து போனான். மனு இல்லை, கடிதங்கள் அழிந்துவிடும், ஒருவருக்கும் தெரியாது. கேட்க வந்தது கேட்காமலே கிடைத்துவிட்டது. ஆனால் ஐந்து மணிக்கு மேல் எனக்கு அண்ணன் கிடையாது. அது எனக்கு அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது.

நாலரைக்குத்தான் பஸ். நிறுத்தத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு சிமெண்ட் பெஞ்சு, அதில் பனங்கிழங்குக் கூடையோடு ஓர் அம்மாள். நான் போனை எடுத்து, விசாரணைக் குழுவுக்கு என்று தொடங்கி, இரண்டு வரி சொல்லி, பெருவிரலை வைத்தேன்.

‘நாடி சீராக இல்லை. சற்று ஓய்வெடுத்துவிட்டு முயலவும்.’

திரும்ப வைத்தேன். அதே பதில். ‘இன்னும் ஒரு முறை தவறினால் நாளைவரை கையெழுத்து முடக்கப்படும்.’ நாற்பத்தோரு முறை ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்ட சனியனுக்கு இன்றைக்குப் பார்த்து என் உடம்பின் மேல் அக்கறை வந்துவிட்டது. மணி மூன்றேகால்.

“என்ன தாயி, படபடன்னு வருதா?” என்றாள் அம்மாள். “தண்ணி குடிச்சிட்டு இப்பிடிப் படு. கூடைய நவுத்துதேன்.”

“தூங்கிருவேன் அம்மா. தூங்கக் கூடாது. நான் ஒண்ணு சொல்லுதேன், நீங்க உம் கொட்டிக்கிட்டே இருப்பீங்களா?”

“அதுக்கென்ன, சொல்லு.”

பெஞ்சில் படுத்தேன். தகரத்தில் இருந்த ஓட்டைகள் வழியே வெயில் காசு காசாக என் மேல் விழுந்தது. உப்பளத்துக்கு அப்பாலிருந்து கடல் கேட்டது. எனக்குத் தெரிந்த அந்த மிதப்பு மெல்ல வந்தது. கட்டில் இல்லை, சிமெண்ட் பெஞ்சுதான் மிதந்தது. நான் சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொண்டது. என் பெயர் இமல்டா மச்சாது. உம். கோபுரத்தில் பணியில் இருந்தவள் நான். உம். உத்தரவை வீட்டு விலாசத்துக்கு அனுப்பிவிட்டேன். உம். என் அண்ணனுக்கு அது வந்து சேரவில்லை. உம். அன்று மாலையே எனக்குத் தெரியும். அம்மாள் இங்கே கொஞ்சம் தாமதித்துத்தான் உம் கொட்டினாள். தெரிந்தே மறைத்தேன், வீட்டு விலாசத்தை அழித்தேன்.

“அவ்வளவுதானா?” என்றாள்.

“அவ்வளவுதான்.”

“ஆரும் செத்துக்கித்துப் போனாங்களா?”

“ஒருத்தன் செத்தான்.”

“அவன் பேரச் சொல்லலியே நீ.”

இரண்டு வருடமாக நான் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. சொன்னேன். “லூர்து.” போன் அதையும் எழுதிக்கொண்டது. அப்போதுதான் அழுதேன். அழுது முடித்தபோது உடம்பு லேசாகி, மூச்சு தானாக வந்து போனது. விரலை வைத்தேன்.

‘கையெழுத்திடப்பட்டது. பூட்டி அனுப்பப்படுகிறது. பூட்ட வேண்டாமெனில் உடனே தொடவும்.’

வேண்டாம் என்று தொட்டேன்.

‘பூட்டாத கடிதத்தை வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தொடரவா?’

தொடர் என்று தொட்டேன். குழுவுக்கும், செலினுக்கும், துறைமுகத்தில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் போனது. மணி 3.40. அம்மாள் ஒரு பனங்கிழங்கை உரித்து என் கையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நடக்க வேண்டியதுதான். என் வேலை போனது. வழக்கு நடக்கிறது, தண்டனை இருக்கும் என்று வக்கீல் சொல்கிறார். அண்ணனுக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. செலின் ஒரு நாள் வந்து, வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

என் கடிதம் கெடுவுக்குள் வந்துவிட்டதால் குழு அந்தப் பெட்டியை அழிக்க விடாமல் திறந்து நாற்பத்தொன்றையும் படித்திருந்தது. குற்றம் சாட்டப்பட்டவள் என்பதால் எனக்கு மட்டும் காட்டவில்லை. போனைத் திருப்பி வாங்க ஜெய்லானி வந்தபோது, “எல்லாம் வாக்குமூலம்தானே?” என்று கேட்டேன். “சொல்லக் கூடாதுக்கா,” என்றான். கொடுத்த டீயைக் குடிக்காமலே எழுந்து போனான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவ்வளவு அசிங்கமாகவா எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரவுப் பணி இல்லாவிட்டாலும் உடம்பு பகலில்தான் தூங்குகிறது. அப்படித் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கனவுக்குள்ளே தட்டுகிறார்கள் என்று வெகுநேரம் கிடந்தேன். திறந்தால் அண்ணன். கையில் ஒரு காகிதக் கட்டு. என்னைத் தாண்டி உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படிக்கிற கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினான்.

“‘அண்ணே, மழ வரும்போல இருக்கு, கொட எடுத்துட்டுப் போ.’ இது மொத கடுதாசி.”

ஒரு தாளைப் புரட்டினான்.

“‘மைனிக்கு முட்டி வலி எப்பிடி இருக்கு?’ இது ரெண்டாவது. ‘பக்கத்து வீட்டு மாமரத்துல ஒரு கெள நம்ம பக்கம் சாஞ்சிருக்கு, சொல்லாமப் பறிக்கலாமா?’ இது மூணு.” அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “‘இன்னைக்கு நான் வச்ச கொழம்பு வாயில வைக்க வெளங்கல.’ இப்பிடியேதான் எல்லாம்.”

“விசாரணை பத்தி?”

“ஒரு எழுத்து கெடையாது. நாப்பத்தொண்ணுலயும் பாத்துட்டேன். குழுத் தலைவரு பாதில நிறுத்திட்டு, மத்தத ஆரும் சத்தமாப் படிக்காதீங்கன்னுட்டாராம்.”

அப்படியானால் அந்தப் பெட்டியை அன்றைக்கு அழித்திருந்தாலும், ஊர் கூடித் திறந்திருந்தாலும், எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நான் எதற்குப் பயந்து வெண்மேட்டுக்குப் போனேனோ அது அதற்குள் இல்லவே இல்லை. தூக்கத்தில் நான் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணனோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டு விலாசத்தைத்தான் அழித்துவிட்டேனே, ‘அண்ணே’ என்றதும் போன் மிச்சமிருந்த ஒரே விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறது.

அண்ணன் கட்டின் அடியிலிருந்து ஒரு தாளை உருவி என்னிடம் நீட்டினான். “இது கடைசி. அந்தச் செவ்வாய்க்கிழம.”

ஒரே வரிதான். கீழே என் கையெழுத்தின் நீண்ட எண்.

‘அண்ணே, நேரமாயிட்டு. வந்து என்ன எழுப்பி விடு.’

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்து கலங்கித் தெரிந்தது.

“கொஞ்சம் பிந்திட்டேன்,” என்றான் அண்ணன். “போ, மொகத்தக் கழுவிட்டு வா. மைனி சோறு குடுத்து விட்டிருக்கா.”